முப்பதாவது மணி

போர்ட்டோவில் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டினேன்.
அதில் மணி கையில் இல்லை, காலடியில்.
குதிகாலால் ஓங்கி மிதித்தால்
சந்துமுனைப் பூனைகளும் விலகும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஈரலில் புற்று.
அறுபத்தாறு வயதுக்காரனுக்கு
வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம்.
"ஒன்று இருக்கிறது," என்றார் டாக்டர் குளோத்தில்டே,
"நல்ல ஈரல். ஒரே ஒரு குறை."

குறையைத் தாளில் வரைந்து காட்டினார்.
அந்த ஈரல் ஒரு புரதம் செய்கிறது:
நூற்றிருபத்தேழு மணி கோத்த சரம்.
நான்கு சரங்கள் சேர்ந்துகொண்டு
ரத்தத்தில் சுமை தூக்கிப் போகும்,
தைராய்டின் சரக்கும் கண்ணுக்கான வைட்டமினும்.
நாலு பேர் வேண்டியிருப்பது பிணத்துக்கு மட்டுமல்ல.
இதில் முப்பதாவது மணி வேறு,
மரபணுவில் ஓர் எழுத்து பிசகியதால்.
நால்வரும் ஒட்டி நிற்பதில்லை.
பிரிந்து, உருக்குலைந்து,
நரம்போரம் நாராகப் படிகிறார்கள்.

"எத்தனை வருடத்தில்?"
"அவருக்கு முப்பது ஆனது."
கணக்குப் போட்டேன். தொண்ணூற்றாறு.
கையெழுத்துப் போட்டேன்.

ஒரே இரவு.
பைக்கில் போன யாரோ ஒரு பையனின் ஈரல் அவனுக்கு,
அவனுடையது எனக்கு,
என்னுடையது வாளிக்கு.
பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம்.
ஒரு நர்ஸ் வாய் தவறி
ஊரை மட்டும் சொன்னாள்: போவுவா த வர்ஜிம்.

ஒன்பதாவது வருடம்
வெந்நீரில் கால் வைத்தேன்.
தோல் உரிந்ததைப் பார்த்த பிறகுதான்
சூடு என்று தெரிந்தது.
ஈரலுக்கு என் கணக்கு தெரியாது.

தலையெழுத்து என்பார்கள்.
இது பாதத்தில் ஆரம்பித்து
மேல்நோக்கி எழுதிப் போகிறது.
அதுவும் என் அப்பா எழுதியதல்ல,
கடலில் கால் நனைக்காத குடும்பம் எங்களுடையது.

ரயில் ஏறிப் போனேன்.
அந்த மீனவர் ஊரில் இதற்குப் பெயர் சின்னப் பாத நோய்.
எழுதத் தெரியாத காலத்திலிருந்து
வீட்டுக்கொரு குறி வைத்திருக்கிறார்கள்,
படகில், வலை மிதவையில்,
தேவாலய மேசை மரத்தில் கத்தியால் கீறி.
மூத்தவன் அப்பாவின் குறியோடு ஒரு கோடு சேர்ப்பான்,
அடுத்தவன் இரண்டு.
கடைக்குட்டிக்குத்தான் குறி அப்படியே வரும்.
செஃபெரினு கடைக்குட்டி.

இரண்டு காபிக்கடையில் விசாரித்ததும் அகப்பட்டான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.
நான் முந்திக்கொண்டு சாப்பாடு கேட்டேன்.
அவித்த மீன், உருளைக்கிழங்கு, நிறைய பூண்டு.
என் வயிற்றைப் பார்த்தபடியே பேசினான்,
வாடகைக்கு விட்ட வீட்டை
வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவன்போல.

என் மகன்களுக்கு இது போகாது.
ஈரல் அவனுடையது, வித்து என்னுடையது.
ஆனால் அவனுக்கு மாற்றியதும் ஈரல்தான்,
வித்தை அல்ல.
மகள் கித்தேரியாவுக்குப் பதினேழு வயது.
பாதிக்குப் பாதி, என்றான்,
நாணயத்தைச் சுண்டாமலே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.
பதினெட்டில் அவள் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம்.
கொடுக்காமலும் இருக்கலாம்.
இப்போது மாத்திரை உண்டு,
நால்வரும் பிரியாமல் பிடித்து வைக்கிறது.
காலையில் எனக்கும் ஒன்று.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம்.
நடந்தோம் என்பது மரியாதைக்கு.
அவன் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான்,
நான் மணலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மிதிக்கிறேன்.
செருப்பைக் கழற்றித் தண்ணீரில் நின்றோம்.
அலை வந்து போவது தெரிந்தது.
சூடா குளிரா,
இருவருக்கும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லு," என்றான் மகளிடம்.
ஜீன்ஸை மடித்துக்கொண்டு ஓடி வந்தாள் கித்தேரியா.
ஏப்ரல் மாத அட்லாண்டிக்.
கணுக்கால் நனைந்ததும்
கரையிலிருந்த நாய் குரைக்கும்படி அலறினாள்.

செஃபெரினு சிரிக்கவில்லை.
"இன்னொரு தடவை," என்றான்.